அந்த மூணாவது விதியை எடுத்துடுங்க: நாவல் ஆப் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியர் குழுவுக்கும், போட்டி நடுவர்களுக்கும், அந்தப் போட்டிக்கு எழுத உக்காந்திருக்கற எழுத்தாளர் தோழிகளுக்கும்,

நேரா விஷயத்துக்கே வந்துடறேன். அண்ணன் தம்பி கதைகளுக்குன்னு நீங்க அறிவிச்சிருக்கற போட்டியோட விதிகளைப் படிச்சேன். நகரத்துப் பின்னணி, ரெண்டு நாயகன், ரெண்டு ஜோடி, சந்தோஷ முடிவு, இதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. மூணாவது விதிதான் பிரச்சனை. பெத்தவங்க சாவு முதல் எபியிலயே, அதாவது முதல் எபிசோடுலயே, சொல்லி முடிஞ்சிடணுமாம், அதுக்கப்புறம் அழுகாச்சி சீன் இருந்தா மார்க் குறையுமாம், நாயகியோட காதல்தான் நாயகனோட காயத்துக்கு மருந்தா அமையணுமாம். இதைப் போட்ட அதே வாரத்துல, உங்க ஆப்ல ஓடிட்டிருந்த ஒரு அண்ணன் தம்பி தொடரை ஸ்லோவா போகுது, ரீடர்ஸ் குறையறாங்கன்னு பாதியில தூக்கிட்டீங்க. செத்துப்போன அப்பாவோட பீரோவைத் திறக்கறதா வேண்டாமான்னு ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்த இடத்துல நிறுத்தினீங்க, அடுத்த யூடி, அதான் அடுத்த பகுதி, எப்போன்னு கேட்டவங்களுக்கு ஒரு ஸ்மைலி போட்டு முடிச்சிட்டீங்க.

நான் எழுத்தாளர் கிடையாது. சுத்தமான சைலண்ட் ரீடர். வாடகை நூலகத்துல மாத நாவல் எடுத்துப் படிச்ச காலத்துல ஆரம்பிச்சு, வெப்சைட்டு, பிடிஎஃப், ஆடியோ நாவல்னு எல்லாம் பாத்து இப்ப ஆப்ல காசு குடுத்து வாங்கற காயினைக் கட்டிப் படிக்கறவரைக்கும் வந்திருக்கேன், வில்லிவாக்கத்துல ட்ரெயின் ஏறினா சென்ட்ரல் வர்றதுக்குள்ள ரெண்டு எபி முடிஞ்சிடும். இதுவரைக்கும் ஒரு கமெண்ட் கூட போட்டதில்ல. இப்ப இவ்வளவு நீளமா எழுதக் காரணம், உங்க விதியில மருந்துன்னு போட்டிருக்கீங்களே, அந்த நாயகி நான். பெத்தவங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பறிகொடுத்த அண்ணன் தம்பி வீட்டுக்கு அண்ணியா வாக்கப்பட்டுப் போனவ. அதனால இந்த விஷயத்துல பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு.

எங்க மாமாவும் அத்தையும், நான் நேர்ல பாத்ததே இல்ல, ஆனா அப்படித்தான் சொல்லுவேன், 2016-ல திண்டிவனத்துல ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிட்டு ராத்திரி கார்ல திரும்பி வரும்போது ஜிஎஸ்டி ரோட்ல லைட் போடாம நின்ன லாரியில மோதிப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அப்ப 27 வயசு, அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு மருந்து கம்பெனி குடோன்ல ஸ்டாக் பாக்கற வேலை. கொழுந்தனுக்கு 19, காலேஜ் ரெண்டாவது வருஷம். நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும், தலைச்சன் அப்பனுக்குக் கொள்ளி வைக்கணும், கடைசிப் புள்ள அம்மாவுக்கு வைக்கணும். இருக்கறதே ரெண்டு புள்ள, ரெண்டு பாடை, ஆளுக்கொண்ணு. 19 வயசுப் பையன் மொட்டை அடிச்சிக்கிட்டு ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நின்னாங்கன்னு சித்தி சொல்லிக் கேட்டிருக்கேன். ஒருத்தனைப் புடிச்சு இன்னொருத்தன் அழக்கூட அன்னிக்கு வழி இல்ல, ஏன்னா ஆளுக்கு ஒரு வேலை இருந்துச்சு.

இதை நீங்க முதல் எபியில ஒரு பாராவுல முடிக்கச் சொல்றீங்க. எழுதறவங்களும் முடிச்சிடறாங்க. "பத்து வருடங்களுக்கு முன் நடந்த கோர விபத்தில்"னு ஒரு வரி, அடுத்த வரியில ஹீரோ கறுப்பு ஆடி கார்ல வந்து இறங்கறான், ஆறடி உயரம், ஈசிஆர்ல பங்களா, ஏதோ ரெண்டு எழுத்து போட்ட குரூப் ஆஃப் கம்பெனீஸ், கண்ணுல எப்பவும் ரத்தச் சிவப்பு. தம்பி ஃபாரின்ல எம்பிஏ முடிச்சிட்டு ஜோக் அடிச்சிக்கிட்டே வர்றான். சொத்தை அபகரிக்க ஒரு சித்தப்பா, நெஞ்சைப் புடிச்சிக்கிட்டுக் கல்யாணத்துக்குச் சத்தியம் வாங்கற ஒரு பாட்டி. நானும் இதையெல்லாம் ரசிச்சுப் படிச்சவதான், இப்பவும் படிப்பேன், அதை மறைக்கல. ஆனா பத்துக்கு ஒன்பது கதை இப்படின்னா பரவால்லன்னு விடலாம், பத்துக்குப் பத்தும் இப்படித்தான் இருக்கணும்னு விதியே போட்டா எப்படி?

நிஜத்துல அடுத்த நாளே எந்தக் கம்பெனியும் கைக்கு வராது. முதல்ல இறப்பு சர்டிபிகேட், அதுவும் ரெண்டு பேருக்கும் தனித்தனியா. அப்புறம் இ-சேவையில வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போடணும், வருவாய் ஆய்வாளர், அந்த ஆர்ஐ, விசாரணைக்கு வருவாரு, அக்கம்பக்கத்துல சாட்சி கேப்பாரு, தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வர்றவரைக்கும் பேங்க்ல ஒரு ரூபாய் அசையாது. ரேஷன் கார்டுல பேர் நீக்கணும். நீக்கும்போது கவுண்டர்ல இருக்கறவங்க காரணம் கேப்பாங்க, க்யூல பின்னாடி நிக்கறவங்க எல்லாருக்கும் கேக்கும். எங்க வீட்டுக்காரர் இதுக்கெல்லாம் ஒரு நீலக் கலர் ஃபைல் வச்சிருந்தாரு, இன்னும் வச்சிருக்காரு, அந்த ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச நாள்லதான் அவர் அண்ணன்ல இருந்து அப்பாவா மாறினாருன்னு நான் நினைக்கறேன். அந்தச் சித்தப்பா பத்தியும் சொல்லிடறேன். உங்க கதையில வில்லனா வர்ற அதே சித்தப்பாதான் எங்க வீட்டுல கூட்டுறவு சங்கத்துல லோன் போட்டுத் தம்பிக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டினாரு. எங்க கல்யாணத்துல பெத்தவங்க இடத்துல நின்னதும் சித்தப்பாவும் சித்தியும்தான்.

அப்புறம் கோர்ட். விபத்து இழப்பீடு கேஸ், ஐகோர்ட் வளாகத்துல இருக்கற சிறு வழக்குகள் கோர்ட்ல நடந்துச்சு. இதுல என்ன காதல் கதை இருக்குன்னு கேப்பீங்க. இருக்கு. உச்ச நீதிமன்றம் 2017-ல ஒரு தீர்ப்புல இந்த மாதிரி கேஸுக்கெல்லாம் ஒரு கணக்கு வகுத்துக் குடுத்துச்சு, ஈமச்சடங்கு செலவுக்கு 15,000, துணையை இழந்ததுக்கு 40,000, மூணு வருஷத்துக்கு ஒருக்கா 10 சதவீதம் ஏத்திக்கலாம்னு. 2018-ல இன்னொரு தீர்ப்பு வந்து, பெத்தவங்களோட அரவணைப்பை இழந்த பிள்ளைங்களுக்கும் அந்தத் தொகை உண்டுன்னு சொல்லிச்சு. 2019-ல எங்க கேஸ்ல ஆர்டர் வந்தப்ப வக்கீல் ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து கொழுந்தன் அந்தப் பேப்பரை வரி வரியாப் படிச்சான். மாமாவுக்குச் சம்பள சர்டிபிகேட் இருந்துச்சு, அத்தை வீட்டுல இருந்தவங்க, அதனால அவங்க தொகை கம்மி. "அம்மாவுக்கு ஏண்ணா கம்மி?"ன்னு கேட்டான். அவர் ஒண்ணும் சொல்லல, பேனாவைக் குடுத்து "கையெழுத்துப் போடுடா"ன்னாரு. வீட்டுல இருக்கற பொம்பளைங்க செய்யற வேலைக்கும் வருமானம் கணக்குப் பண்ணியே ஆகணும்னு 2021 ஜனவரியில உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னப்ப, அந்தச் செய்தியை எங்க குரூப்ல முதல்ல போட்டது அவன்தான், ஒரு வார்த்தை எழுதாம லிங்க் மட்டும் போட்டான். அண்ணன் பாத்துட்டு ஒரு கும்பிடு மட்டும் போட்டாரு. இந்த மாதிரி ஒரு சீன் எழுத உங்க எழுத்தாளர்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கறீங்களா? தெரியும், நீங்கதான் மார்க் குறையும்னு பயமுறுத்தி வச்சிருக்கீங்க.

மருந்து விஷயத்துக்கு வர்றேன். உங்க மூணாவது விதியை நான் முதல்ல கேட்டது எங்க வீட்டுக்கு அவங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு. "வீட்டுக்கு ஒரு பொம்பளைன்னு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்மா"ன்னு கூட வந்த ஒரு பெரியம்மா எங்க அம்மாகிட்ட சொன்னாங்க. ரெண்டு திதி முடிஞ்ச வீடு. 2018-ல கல்யாணம். நானும் அந்த வயசுல உங்க நாவல்ல ஊறினவதான், ஹீரோ கத்துவான், பொருளை உடைப்பான், நான் பொறுமையா இருந்து மாத்திடுவேன்னு மனசுக்குள்ள ஒரு சினிமாவே ஓடிட்டிருந்துச்சு. அவர் கத்தவே இல்ல. ராத்திரி கேஸ் நாப் மூடியிருக்கான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பாரு. தம்பி பத்து நிமிஷம் லேட்டானா போன் பண்ணுவாரு, அவன் எடுத்தா "எங்கடா இருக்க, சாப்டியா?" இவ்வளவுதான், வச்சிடுவாரு. என் லேப்ல ஈவ்னிங் ஷிப்ட் முடிச்சு நான் வில்லிவாக்கம் ஸ்டேஷன்ல இறங்கும்போது ரெண்டாவது ஹெல்மெட்டோட நிப்பாரு, ஸ்டேஷன்ல இருந்து வீடு ரெண்டு தெரு தள்ளித்தான், அதுக்கும் ஹெல்மெட் மாட்டி கிளிப் போட்டாத்தான் வண்டி கிளம்பும். காதல்னு அவர் வாயில இருந்து ஒரு வசனம் வந்ததில்ல, எனக்கு அவர் மேல ஆசை வந்தது அந்த கிளிப்பை அவரே போட்டுவிடற கையைப் பாத்துத்தான். துக்கத்துல இருக்கற ஆம்பளை எல்லாம் பொண்டாட்டியை அறையறவனாவும், மிரட்டித் தாலி கட்டறவனாவும் உங்க கதையில வர்றானே, அவன் வலி அவனுக்குன்னு பக்கம் பக்கமா நியாயம் சொல்றீங்களே, அதைப் படிக்கும்போது எனக்கு எரியும். அம்மா அப்பா இல்லாத பையன்னா முரடன்னு முத்திரை குத்தறீங்க, அதுக்கு மேல ஒரு பொண்ணு அந்த அடியை வாங்கிக்கறதுதான் அன்புன்னு வேற சொல்றீங்க. ரெண்டு பக்கமும் அநியாயம்.

அவங்க ரெண்டு பேரும் கொஞ்சம் ஆறினது எப்படின்னு சொல்றேன், அதுல என் பங்கு ரொம்பக் கம்மி. எங்க வீட்டு கேஸ் கனெக்‌ஷன் மாமா பேர்ல இருந்துச்சு. புக் பண்றது மாமா நம்பர்ல, சிலிண்டர் வரும்போது ஓடிபி வர்றதும் மாமா நம்பருக்கு. அந்த பட்டன் போனைத் தம்பிதான் சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் பண்ணி, டிவி ஸ்டாண்டுல வச்சிருப்பான். ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் ஏஜென்சிக்குப் போய் கனெக்‌ஷனைத் தன் பேருக்கு மாத்திட்டு வந்துட்டாரு, ரொம்ப நாளா நிலுவையில இருந்த வேலை, நல்லபடியா முடிச்சிட்டோம்னுதான் அவர் வந்தாரு. அன்னிக்கு ராத்திரி தம்பி, "நீ யாரைக் கேட்டு மாத்தின?"ன்னான். இவரு, "யாரைக் கேக்கணும்? கேக்கறதுக்கு யாருடா இருக்கா நமக்கு?"ன்னாரு. நான் சமையக்கட்டுல நின்னுட்டேன், வெளிய போகல.

எந்தெந்தச் சண்டையோ அதுக்குள்ள வந்துச்சு. கடைசியில அவன் வருஷக்கணக்கா உள்ள வச்சிருந்ததைக் கேட்டான், அன்னிக்கு செங்கல்பட்டு ஜிஎச்சுக்கு என்னை ஏன் கூட்டிட்டுப் போகல, என்னை ஏன் வீட்டுலயே விட்டுட்டுப் போன, நானும் புள்ளதானேன்னு. போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னாடி அடையாளம் காட்டறதுக்கு எங்க வீட்டுக்காரர் தனியாத்தான் போயிருக்காரு. கழுவித் துடைச்சுத் துணி சுத்தி வந்தப்புறம்தான் தம்பி அம்மா முகத்தைப் பாத்திருக்கான். அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நான் பாத்ததை நீ பாக்க வேண்டாம்னுதான்டா, உனக்காவது அம்மா முகம் நல்லா ஞாபகம் இருக்கட்டும்னு"ன்னு சொன்னாரு. அந்த அளவுக்கு அவர் அந்த ராத்திரியைப் பத்தி என்கிட்ட அதுவரைக்கும் சொன்னதில்ல, அதுக்கப்புறமும் சொன்னதில்ல. தம்பிகிட்டதான் சொல்ல முடிஞ்சிருக்கு, ஏன்னா அந்த வீட்டுல இருந்தது அவங்க ரெண்டு பேரும்தான், நான் கிடையாது. எனக்கு அதுல வருத்தம் இல்ல, உண்மையச் சொன்னா ஒரு பாரம் இறங்கின மாதிரிதான் இருந்துச்சு, எல்லாத்தையும் நான்தான் சரி பண்ணணும்னு எதுவும் இல்லன்னு. நீங்க நிறுத்தின தொடர்ல அந்த பீரோ சீன் இந்த இடத்துக்குத்தான் வந்துக்கிட்டிருந்துச்சு.

இன்னொண்ணு, துக்கம் எப்ப திரும்பி வரும்னு யாருக்கும் தெரியாது, உங்க எபி கணக்குக்கு அது அடங்காது. மாமா சர்வீஸ்ல இருக்கும்போதே போயிட்டதால பிஎஃப் ஆபீஸ்ல இருந்து கொழுந்தனுக்கு ஒரு பென்ஷன் வந்துச்சு. அம்மாவும் இல்லாத பிள்ளைங்களுக்குக் குடுக்கற பென்ஷன், விதவைக்குக் குடுக்கறதுல 75 சதவீதம், 25 வயசு வரைக்கும். எங்க வீட்டுக்காரருக்கு அப்பவே 27, அவருக்குக் கிடையாது. பெரிய தொகை இல்ல, ஆனா மாசம் பொறந்தா பேங்க்ல இருந்து மெசேஜ் வரும். 2022-ல அவனுக்கு 25 முடிஞ்சு அது நின்னுச்சு. அந்த மாசத்துல இருந்து பையன் தூங்கல. வேலைக்குப் போய்க்கிட்டு, சம்பளம் வாங்கிக்கிட்டு இருக்கறவன், காசு பிரச்சனையே இல்ல. அப்பா மாசா மாசம் பாக்கெட் மணி அனுப்பற மாதிரி இருந்துச்சு அண்ணி, இப்ப அதுவும் நின்னுபோச்சுன்னு ஒரு நாள் சொன்னான். ஆறு வருஷம் கழிச்சு! சாப்பாடு குறைஞ்சுது, வேலைக்கு லீவு போட ஆரம்பிச்சான், அப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓபிக்குக் கூட்டிட்டுப் போனோம். இதுக்குன்னு ஒரு பேரே இருக்குன்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டோம், உலக சுகாதார நிறுவனத்தோட புது நோய்ப் பட்டியல், 2022-ல அமலுக்கு வந்தது, அதுல ஆறு மாசத்துக்கு மேலயும் விடாம ஆளை முடக்கிப் போடற துக்கத்தைத் தனியா ஒரு கோளாறாவே சேத்திருக்காங்க. எல்லாருக்கும் அது வராது, நிறைய பேர் சொந்தபந்தத்தோடயே மெதுவாத் தேறிடுவாங்க. வந்தவங்களுக்குப் பேசறதுக்குப் பயிற்சி எடுத்த ஆள் வேணும். கொழுந்தனுக்கு மாத்திரை கொஞ்ச நாள், பேச்சு கொஞ்ச நாள், தூக்கம் வந்துச்சு. நான் படிச்ச அத்தனை நாவல்லயும் மனநல டாக்டர்னா ஹீரோவோட ஃப்ரெண்டா வந்து காமெடி பண்ணுவாரு, இல்லன்னா வில்லிக்குப் பைத்தியம்னு கடைசி எபியில சொல்லிட்டுப் போவாரு. ஒரு ஹீரோ ஓபி சீட்டு வாங்கிட்டு பெஞ்சுல உக்காந்து நான் பாத்ததே இல்ல.

அவனுக்கும் காதல் வந்துச்சு, உங்க பாஷையில செகண்ட் ஜோடி. கூட வேலை பாக்கற பொண்ணு, ராயபுரம். பழகி எவ்வளவோ நாள் ஆகியும் அவகிட்ட அம்மா அப்பா ஊர்ல இருக்காங்கன்னே சொல்லி வச்சிருந்திருக்கான். இல்லன்னு சொன்னா பரிதாபமாப் பாப்பாங்க, பரிதாபத்துல வர்ற பாசம் வேண்டாம்னு இருந்திருக்கு. விஷயம் தெரிஞ்சதும் அந்தப் பொண்ணு பேசாம இருந்தா. உங்க எழுத்தாளர்கள் கையில குடுத்தா இந்தப் பொய்யை வச்சே பதினஞ்சு எபி இழுப்பாங்க, ஏர்போர்ட் வரைக்கும் போவாங்க. அவ திதி அன்னிக்கு வந்தா. யாரும் கூப்பிடல, அவனே எதிர்பாக்கல. படத்துக்கு முன்னாடி விழுந்து கும்பிட்டா, அப்புறம் நைட்டி ஏதாவது குடுங்க அண்ணி, இந்த சுடிதார் நனைஞ்சிடும்னு கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு அண்டா குண்டாவெல்லாம் தேய்ச்சா. எனக்கு அன்னிக்கே அவளைப் புடிச்சுப் போச்சு. கஷ்டப்பட்டது எங்க வீட்டுக்காரர்தான். அந்தப் பொண்ணோட அப்பா பேச வந்தப்ப, உங்க பக்கம் பெரியவங்க யாருங்கன்னு கேட்டாரு. இவரு நான்தாங்கன்னாரு. 35 வயசு, காபி டம்ளர் கையில ஆடுது. வேற சாதி, வேற சாப்பாடு, நான் சரின்னு சொன்னா எங்க அப்பா ஒத்துக்கிட்டிருப்பாரான்னு ராத்திரியெல்லாம் என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு, இல்லாத ஆள்கிட்ட பர்மிஷன் வாங்கறது எவ்வளவு பெரிய பாடுன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. ரெண்டு ஜோடி, சந்தோஷ முடிவு, உங்க விதிப்படி பாத்தாலும் பாஸ் மார்க்.

ட்ரெயின்ல வேர்த்து வழிஞ்சு நின்னுக்கிட்டுப் படிக்கறவங்க கொஞ்சம் சந்தோஷத்துக்குத்தான் வர்றாங்கன்னு நீங்க சொல்லுவீங்க. நான் அந்தக் கூட்டத்துலதான் நிக்கறேன். 2022-ல மட்டும் தமிழ்நாட்டுல 64,105 சாலை விபத்து, எண்ணிக்கையில நாட்டுலயே நாமதான் முதல், செத்தவங்க 17,884 பேர். 2021 கொரோனாவுல ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைங்களுக்குன்னு தமிழ்நாடு அரசு ஆளுக்கு 5 லட்சம் டெபாசிட் போட்டுச்சு, 18 வயசு முடிஞ்சா எடுத்துக்கலாம்னு. அந்தப் பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு இப்ப 18 தாண்டியிருக்கும். அண்ணனும் தம்பியுமா, அக்காவும் தம்பியுமா எத்தனை வீடு இருக்கும். அந்த வீட்டுல இருந்தும் உங்க ஆப்ல காயின் கட்டறாங்க. அவங்க கதையை முதல் எபியிலயே முடிச்சிடுன்னு சொல்றது, துக்கம் விசாரிக்க வந்துட்டு சீக்கிரம் எந்திரிம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு.

எழுத்தாளர்களை நான் திட்டல. புள்ளைங்களைத் தூங்க வச்சிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு மேல போன்லயே டைப் பண்ணி எபி போடறவங்க நிறைய பேர்னு தெரியும், வியூஸ்தான் வருமானம், நீங்க விதி போட்டா அவங்க அதுக்குள்ளதான் எழுதணும். அதனால கேக்கறது உங்ககிட்ட.

மூணாவது விதியில "முதல் எபியிலேயே", "அழுகாச்சி", "மருந்து" இந்த மூணையும் எடுத்துடுங்க. இழப்பு கதையில எவ்வளவு தூரம் வரணும்ங்கறதை எழுதறவங்க முடிவு பண்ணட்டும், அதுக்கு மார்க் குறைக்காதீங்க. நிறுத்தின தொடரைத் திரும்ப ஆரம்பிங்க, முகப்புல போட வேண்டாம், விளம்பரம் வேண்டாம், ஒரு ஓரமா ஓடட்டும், அவங்க எழுதி முடிக்க விடுங்க. அது முடியாதுன்னா அதுவரைக்கும் காயின் கட்டினவங்களுக்குக் காயினைத் திருப்பிப் போடுங்க, எழுத்தாளர் வேற இடத்துல முடிச்சுக்கறதுக்கு உரிமையைக் குடுத்துடுங்க, ஒப்பந்தத்தைக் காட்டி அவங்களைக் கட்டிப் போடாதீங்க.

நடுவர்களுக்கு ஒண்ணு. அம்மா அப்பா இல்லாதவன்ங்கறதைக் காரணமாக் காட்டி ஹீரோ கை நீட்டினா, மிரட்டித் தாலி கட்டினா, அந்தக் கதைக்கு எச்சரிக்கை போடச் சொல்லுங்க, பரிசுப் பட்டியல்ல ஏத்தாதீங்க. தற்கொலை முயற்சியை ட்விஸ்ட்டா வைக்கற எபி எல்லாத்துக்கும் அடியில 14416-ன்னு அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பரைப் போடறதைக் கட்டாயமாக்குங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. கதை முடிஞ்சதும் உங்க ரேட்டிங் பட்டன் வர்ற இடத்துக்கு மேலயே போடுங்க, கீழ போட்டா யாரும் பாக்க மாட்டாங்க.

எழுதறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க அண்ணனும் தம்பியும் ஒரு எபியாவது தனியா உக்காந்து பேசட்டும், ஹீரோயின் அந்த ரூமுக்குள்ள வர வேண்டாம். செத்துப்போன அம்மா அப்பாவுக்கு ஒரு பேரு வைங்க, அவங்க என்ன வேலை பாத்தாங்க, எதுக்குக் கோவப்படுவாங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க, ஃபோட்டோவுல மாலை போட்டுத் தொங்கவிடறதோட விட்டுடாதீங்க.

பதிலை எனக்கு மெயில்ல அனுப்ப வேண்டாம். போட்டி அறிவிப்பு இருக்கற அதே பக்கத்துல, திருத்தின விதியைத் தேதியோட போடுங்க. கதை அனுப்பக் கடைசி நாள் மாசக் கடைசின்னு இருக்கு, இந்த வாரத்துக்குள்ள மாத்தினாத்தான் எழுதிட்டிருக்கறவங்களுக்குத் திருத்திக்க நேரம் இருக்கும், முடியாதுன்னா கடைசி நாளைத் தள்ளி வைங்க.

இப்படிக்கு,
வில்லிவாக்கத்துல இருந்து உங்க வாசகி ஒருத்தி